புதிய மாடல்தான் வேண்டுமா? டேப்லெட் வாங்கப் புறப்படும் பெற்றோருக்கு

 

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அறியாத எண்ணிலிருந்து கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பேசினால், எதிர்முனையில் ஒரு கடன் நிறுவனத்தின் வசூல்காரர். எங்கள் மக்தபில் ஓதும் ஒரு சிறுமியின் தந்தையைப் பெயர் சொல்லி விசாரித்தார். "ரெஃபரன்ஸ் என்று உங்கள் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார். இரண்டு தவணை பாக்கி. நீங்கள் பெரிய மனிதர், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். அந்தக் குரலில் மரியாதையும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

அந்தத் தந்தை தையல் தொழிலாளி. ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழக்கூடியவர். மூன்று வாரங்களாக அவரைப் பள்ளிவாசலில் காணவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு உறைத்தது. மறுநாள் அவருடைய கடைக்குப் போனேன். தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே அவர் சொன்னார்: "ஹஜ்ரத், நீங்கதானே பிள்ளைக்கு டேப் ஒண்ணு இருந்தா நல்லதுன்னு சொன்னீங்க. நல்லதா வாங்கணும்னு புதுசா வந்ததையே வாங்கிட்டேன். முப்பத்தெட்டாயிரம். பன்னிரண்டு தவணை."

அவர் என்மீது குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் டேப்லெட் தேவை என்று சொன்னவன் நான். எது தேவை, எவ்வளவுக்குத் தேவை, எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டவனும் நானே. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் படிப்புக்காக டேப்லெட் வாங்கும் நடுத்தரக் குடும்பமும் ஏழைக் குடும்பமும், இந்த ஆண்டு வெளிவந்த புதிய மாடலைத் தேடி ஓட வேண்டியதில்லை. அதற்கு முந்தைய மாடலை, கையிலுள்ள பணத்தைக் கொண்டு வாங்குவதே பெரும்பாலானோருக்கு உகந்தது. புதியதற்காகக் கடன்படுவது தவறு. அந்தத் தவறைச் செய்யும்படி குடும்பங்களைத் தூண்டுபவர்களில் கடைக்காரர்கள் மட்டுமல்ல, நாமும் இருக்கிறோம்.

பிள்ளைக்கு உண்மையில் என்ன தேவை?

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் தமது அல் முவாஃபகாத் என்னும் நூலில் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக விளக்கியிருக்கிறார்கள். ளரூரிய்யாத் என்பவை இல்லாமல் வாழ்வே குலைந்துபோகும். ஹாஜிய்யாத் என்பவை இல்லாவிட்டால் வாழ்வு சிரமப்படும். தஹ்ஸீனிய்யாத் என்பவை வாழ்வுக்கு அழகும் மெருகும் சேர்ப்பவை. மூன்றையும் மார்க்கம் ஏற்கிறது. ஆனால் மூன்றாவதை அடைவதற்காக முதலாவதை இடிப்பதை அது ஏற்பதில்லை.

இந்த அளவுகோலை ஒரு டேப்லெட்டின் மீது வைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் அதில் என்ன செய்கிறார்கள்? குர்ஆன் பக்கங்களைத் திறந்து ஓதுகிறார்கள். காரீ ஒருவரின் கிராஅத்தைக் கேட்டுத் தஜ்வீதைத் திருத்திக்கொள்கிறார்கள். இணையவழி வகுப்பில் ஆசிரியரின் முகம் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடநூலைத் திறக்கிறார்கள், வினாத்தாள்களுக்கு விடை எழுதிப் பார்க்கிறார்கள். இவற்றில் எதற்கும் இந்த ஆண்டின் சிப் தேவையில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த நல்ல சிப் இவையனைத்தையும் சிரமமின்றிச் செய்யும். பிள்ளையின் கற்றல் ஹாஜிய்யாத்தைச் சேர்ந்தது எனலாம். திரையின் ஓரம் மெலிந்திருப்பதும், பெட்டியின் மேல் அச்சிட்ட எண் ஒன்று கூடியிருப்பதும் தஹ்ஸீனிய்யாத். தையற்காரரின் வீட்டு அடுப்பு ளரூரிய்யாத். அடுப்பிலிருந்து எடுத்துத் திரைக்குக் கொடுத்தோம் என்பதே நடந்த கதை.

கண்முன் உள்ள ஓர் உதாரணம்

பேச்சு பொதுவாக இருந்தால் மனத்தில் பதியாது. ஆகவே அனைவரும் அறிந்த ஐபேடை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அதை வாங்க வேண்டும் என்பதற்காக அல்ல. எந்த மாடல் எந்த ஆண்டில் வந்தது, எவ்வளவுக்கு விற்றது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகவே.

2021-ல் ஒன்பதாம் தலைமுறை ஐபேட் இந்தியாவில் 30,900 ரூபாய்க்கு அறிமுகமானது. 2022 அக்டோபரில் பத்தாம் தலைமுறை 44,900 ரூபாய்க்கு வந்தது. இரண்டிலும் தொடக்கச் சேமிப்பு இடம் 64 ஜிபிதான். பதினான்காயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? சற்றுப் பெரிய திரை, ஒரு படி வேகமான சிப், யூஎஸ்பி-சி இணைப்பு. இணையவழி வகுப்புக்கு உண்மையாகவே பயன்படும் மாற்றம் ஒன்றும் இருந்தது. முன்பக்கக் கேமரா குறுகிய ஓரத்திலிருந்து நீண்ட ஓரத்துக்கு மாற்றப்பட்டது. அதனால் டேப்லெட்டைக் கிடைமட்டமாக வைத்துப் பேசும்போது பிள்ளை வேறெங்கோ பார்ப்பது போல் தோன்றாது. இது நல்ல மாற்றம் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் இழந்தது என்ன? முந்தைய மாடலில் இருந்த இயர்போன் துளை புதியதில் இல்லை. நூறு, இருநூறு ரூபாய் கம்பி இயர்போனைச் செருகித் தஜ்வீத் கேட்கும் பிள்ளைக்கு இது சிறிய இழப்பன்று. இன்னொன்றும் உண்டு. அந்த நிறுவனத்தின் முதல் தலைமுறை எழுதுகோலைப் பழைய ஐபேடில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யலாம். புதிய ஐபேடிலோ அதற்கென்று தனி இணைப்பான் ஒன்று வேண்டியிருந்தது. அதிக விலை கொடுத்தவர் ஒட்டுத் துண்டு ஒன்றையும் கூடவே சுமக்க வேண்டி வந்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 44,900-க்கு வந்த அதே பத்தாம் தலைமுறை, 2024 மே மாதத்தில் 34,900 ஆனது. 2025 மார்ச்சில் ஏ16 சிப்புடன் அடுத்த ஐபேட் வந்தபோது அதன் விலையும் 34,900. சேமிப்பு இடமோ இருமடங்காக 128 ஜிபி. 2022-ல் அவசரப்பட்டு வாங்கியவர் பத்தாயிரம் ரூபாய் அதிகமாகக் கொடுத்துப் பாதி இடத்தைப் பெற்றார். "புதியது" என்னும் சொல்லுக்காகக் கொடுத்த பணம் இவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகிறது. பொறுமைக்கு மறுமையில் கூலி உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். இம்மையிலும் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதை இங்கே காண்கிறோம்.

புதியதில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த 2025-ஆம் ஆண்டின் அடிப்படை ஐபேடில் ஆப்பிள் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு வசதி இயங்காது. அதற்கு அப்போது இன்னும் விலையுயர்ந்த மாடல் வேண்டியிருந்தது. விளம்பரத்தில் பார்த்த வசதி, வாங்கிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை.

"பழையது சீக்கிரம் பயனற்றுப் போகுமே?"

எனக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலிமையானது இதுவே. என்னோடு பணியாற்றும் ஓர் ஆசிரியர் இதை அழுத்தமாகச் சொன்னார்: "ஹஜ்ரத், மலிவாக வாங்கி இரண்டு வருடத்தில் தூக்கி எறிவதைவிட, கொஞ்சம் கூடக் கொடுத்து ஆறு வருடம் வைத்துக்கொள்வதுதானே சிக்கனம்?"

இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை மறைத்து வாதாடுவது நியாயமாகாது.

டேப்லெட்டின் உடல் நன்றாக இருந்தாலும் அதன் மென்பொருளுக்கு ஓர் ஆயுள் இருக்கிறது. 2017-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபேட், 2023-ல் வந்த ஐபேட் ஓஎஸ் 17-ஐப் பெறவில்லை. 2018-ன் ஆறாம் தலைமுறை, 2024-ல் வந்த 18-ஐப் பெறவில்லை. 2019-ன் ஏழாம் தலைமுறை, 2025-ல் வந்த 26-ஐப் பெறவில்லை. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அதன் பின்னரும் சில காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுண்டு. பிறகு செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் இது நிறுவனத்துக்கு நிறுவனம், வரிசைக்கு வரிசை மாறும். 2024-ல் கேலக்ஸி எஸ்24 கைப்பேசிகளுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக சாம்சங் உறுதியளித்தது. அதே நிறுவனத்தின் கேலக்ஸி டேப் ஏ9 போன்ற குறைந்த விலை டேப்லெட்டுக்கு அந்த உறுதி கிடையாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த ஆண்டுகள், மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எனவே கடையில் உறை பிரிக்காமல் இருக்கும் பழைய மாடலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியும் பயன்படுத்தாமலேயே சிறிது சிறிதாக முதுமை அடைகிறது.

அப்படியானால் வாதம் என் நண்பர் பக்கம் சாய்கிறதா? கணக்கிட்டுப் பார்ப்போம். விலையை, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, புதிய மாடல் 30,000 ரூபாய், ஆறு ஆண்டு மீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,000. அதற்கு முந்தைய மாடல் 20,000 ரூபாய், ஐந்து ஆண்டு மீதம். ஆண்டுக்கு 4,000. மிகப் பழைய மாடல் 8,000 ரூபாய், ஓர் ஆண்டே மீதம். ஆண்டுக்கு 8,000. ஆகவே மூன்றிலும் மலிவாகத் தெரிந்ததுதான் உண்மையில் விலை அதிகம். நடுவில் இருப்பதே சிக்கனம். என் நண்பரின் வாதம் மிகப் பழையதற்கு எதிராகச் செல்லும். முந்தைய மாடலுக்கு எதிராகச் செல்லாது.

நடுநிலைச் சமுதாயம் என்று நம்மைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கஞ்சத்தனத்துக்கும் வீண்விரயத்துக்கும் இடைப்பட்ட வழியைத்தான் மார்க்கம் நமக்குக் காட்டியது. அந்த வழி மிம்பரில் பேசுவதற்கு மட்டும் உரியதன்று. கடை வீதியிலும் அதில் நடக்க வேண்டும்.

மலிவின் பெயரால் ஏமாறுவதும் தவறே

எங்கள் ஊரில் இன்னொரு குடும்பம். தாய் மட்டுமே சம்பாதிக்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு 5,000 ரூபாய்க்கு ஒரு பழைய டேப்லெட் வாங்கினார். ஏழாம் மாதத்தில் வகுப்புச் செயலி அதில் திறக்க மறுத்துவிட்டது. பேட்டரியும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்தச் சிறுவன் சார்ஜர் கம்பியை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதுவும் நின்றது. அந்த ஐயாயிரம் அந்தத் தாயின் ஒரு மாத வீட்டு வாடகை. பெருமைக்காக வீணானால்தான் பணம் வீணாகும் என்றில்லை. அறியாமையாலும் வீணாகும்.

எனவே முந்தைய மாடலை வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, அந்த மாடல் சந்தைக்கு வந்த ஆண்டையும், அது எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு பெறும் என்பதையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவாக மீதமிருந்தால் வேண்டாம்.

இரண்டாவதாக, சேமிப்பு இடம். 32 ஜிபி என்று எழுதியிருந்தால் அதில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். 64 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

மூன்றாவதாக, பேட்டரி. ஐபேட் பேட்டரிகள் 1,000 முழுச் சுற்றுகள் வரை தமது கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் கூறுகிறது. நாள்தோறும் ஒரு முழுச் சுற்று என்றால் மூன்று ஆண்டுக்குள் அந்த எல்லை வந்துவிடும். பிறர் பயன்படுத்திய பொருளென்றால் வாங்குவதற்கு முன் கடையிலேயே அரை மணி நேரம் காணொளி ஓடவிட்டு, எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று பாருங்கள்.

நான்காவதாக, பொருளின் பூர்வீகம். பயன்படுத்திய டேப்லெட்டில் முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் பூட்டு உண்டு. பழைய கணக்கு நீங்காவிட்டால், அழித்துத் தொடங்கிய பின் அது வெறும் கண்ணாடிப் பலகைதான். சிம் போடும் டேப்லெட்டாக இருந்தால் அதன் ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம். திருட்டுப் பொருளென்று தடுக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். குர்ஆன் ஓதுவதற்கென்று வாங்கும் கருவி இன்னொருவரிடமிருந்து களவாடப்பட்டதாக இருக்கலாகாது. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

"வட்டியில்லாத் தவணைதானே?"

நான் பெரிதும் அஞ்சுவது இந்தச் சொல்லைத்தான். "ஹஜ்ரத், இது நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே கிடையாது. ஹலால்தானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.

2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ஜிய வட்டி என்னும் ஒன்று உண்மையில் கிடையாது என்றும், அத்தகைய கிரெடிட் கார்டு திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்படுகிறது என்றும் அதில் சுட்டிக்காட்டியது. இதைச் சொன்னது ஏதோ ஒரு ஃபத்வா குழுவன்று. நாட்டின் மத்திய வங்கி.

இப்போது இது எப்படி நடக்கிறது? 30,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,500 ரூபாய் வட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அந்த 1,500-ஐ விலையில் தள்ளுபடியாகக் குறைத்துவிடுகிறார். 28,500 ரூபாய் வங்கிக் கடனாகப் பதிவாகிறது. அதன்மேல் 1,500 ரூபாய் வட்டி ஏறி மீண்டும் 30,000 ஆகிறது. கூட்டித் தொகை மாறவில்லை, ஆனால் ஒப்பந்தத்தில் வட்டி இருக்கிறது. கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 270 ரூபாய், உங்கள் கணக்கில்தான் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணமும் தனி. ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்தத் தள்ளுபடியை நீங்களே கேட்டுப் பெற்றிருக்கலாம்.

தவணை வியாபாரம் முழுவதும் ஹராம் என்று நான் சொல்லவில்லை. விற்பவரே ஒரே விலையை அமர்விலேயே உறுதிசெய்து, தாமதத்துக்கு அபராதம் இன்றி, தவணையாக வாங்கிக்கொள்வதைப் பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். தெரிந்த கடைக்காரர் நம்பிக்கையின் பேரில் மூன்று தவணை கொடுத்தால் அது வேறு. இடையில் ஒரு கடன் நிறுவனம் நுழைந்து, பணத்துக்குப் பணம் ஈட்டுவது வேறு. கையெழுத்திடும் தாளைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் உங்கள் ஊர் ஆலிமிடம் கொண்டுவாருங்கள். வாங்கிய பின் கேட்பதைவிட வாங்குமுன் கேட்பது எளிது.

கடனோடு இறந்தவரின் ஜனாஸாத் தொழுகையை ஆரம்ப காலத்தில் நபி (ஸல்) அவர்கள் தாமே நடத்தத் தயங்கினார்கள் என்பதை நம்மில் அறியாதவர் இல்லை. வசதி வந்த பின் அந்தக் கடன்களைத் தாமே ஏற்றார்கள் என்பதும் அறிந்ததே. கடனின் பாரம் அத்தகையது. அதை ஒரு திரையின் பளபளப்புக்காகத் தோளில் ஏற்றலாமா?

"என் பிள்ளை மற்றவர்முன் தாழ்ந்து போகலாமா?"

வளைகுடாவில் உழைக்கும் ஒரு தந்தை கைப்பேசியில் என்னிடம் சொன்னார்: "நான் கூட இல்லை ஹஜ்ரத். நல்ல பொருளாவது அனுப்பினால்தான் வாப்பா ஞாபகம் இருக்கும்." இந்தச் சொல்லுக்கு முன் என் வாதங்கள் சிறுத்துப்போவதை உணர்ந்தேன். ஐம்பது பாகை வெயிலில் நின்று சம்பாதிப்பவரின் பாசத்தைக் கணக்குப் போட்டுக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை.

எனினும் அவரிடம் ஒன்று சொன்னேன். "புதிய மாடலுக்கும் முந்தைய மாடலுக்கும் உள்ள வித்தியாசப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னதாக வர அது உதவும். பிள்ளைக்கு அந்த ஒரு வாரம் நினைவிருக்கும். சிப்பின் எண் நினைவிருக்காது." அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யோசிக்கிறேன்" என்றார்.

தாழ்வு மனப்பான்மையைப் பொறுத்தவரை, அதைப் பிள்ளைகள் தாமாக உண்டாக்கிக்கொள்வதில்லை. யாருடைய டேப்லெட் எந்த மாடல் என்று கேட்டு வியப்பவர்கள் பெரியவர்களே. உறவினர் வீட்டு விருந்தில் "இது லேட்டஸ்டா?" என்று கேட்கும் ஒவ்வொரு மாமாவும் மாமியும், இன்னொரு வீட்டில் ஒரு தவணைக்கு விதை போடுகிறார்கள்.

நம் மதரஸாக்களும் ஜமாஅத்துகளும்

இனி எங்களை நோக்கியே பேசுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆண்டு விழாவில் முதலிடம் பெற்ற மாணவனுக்குப் புதிய டேப்லெட் பரிசளித்தோம். "புத்தம் புதிய மாடல்" என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவித்தவன் நான்தான். அந்த அரங்கில் அந்தத் தையற்காரரும் மகளுடன் உட்கார்ந்திருந்தார். அவர் கடன் வாங்கத் தொடங்கியது கடையில் அன்று, என் அறிவிப்பில்.

இப்போது மூன்று முடிவுகளை எடுத்திருக்கிறோம். வகுப்புக்குத் தேவையான குறைந்த அளவுத் தகுதியை மட்டும் தாளில் எழுதிப் பெற்றோருக்குக் கொடுக்கிறோம்; மாடல் பெயர் சொல்வதில்லை. வீட்டில் ஏற்கனவே இருக்கும் கைப்பேசி போதுமென்றால் அதையே போதும் என்கிறோம். வசதியுள்ளோர் தம்மிடம் சும்மா கிடக்கும் நல்ல நிலையிலுள்ள டேப்லெட்டுகளைக் கொடுத்தால், பேட்டரி மாற்றி, பிள்ளைகளுக்கு இரவலாக வழங்குகிறோம். இதுவரை நான்கு கிடைத்துள்ளன, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2022-ல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். நம் வீட்டு அலமாரியில் உறங்கும் பழைய டேப்லெட்டும் நாளை அந்தக் குவியலில் சேரப் போவதே. அதற்குள் ஒரு பிள்ளை ஒரு ஜுஸ்உவை மனனம் செய்துவிடலாம்.

புதியது சரியாகும் இடங்கள்

எந்தச் சூழ்நிலையிலும் புதியதை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புதியதற்கும் முந்தையதற்கும் விலை வேறுபாடு ஆயிரம், இரண்டாயிரமாகச் சுருங்கிவிட்டால் புதியதை வாங்குங்கள். 2025 மார்ச்சில் அதே விலைக்கு இருமடங்கு இடத்துடன் புதிய ஐபேட் வந்தபோது பழையதைத் தேடுவதில் பொருளில்லை. வரைகலையோ காணொளித் தொகுப்போ செய்து சம்பாதிப்பவருக்கு அது தொழிற்கருவி. அவர் கணக்கு வேறு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெரிய, தெளிந்த திரை ஆடம்பரம் அன்று, தேவை. எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றே: நான் தேவைக்கு வாங்குகிறேனா, பிறர் பார்வைக்கு வாங்குகிறேனா? விடை உங்கள் உள்ளத்துக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்.

அந்தத் தையற்காரரின் கதையை முடிக்காமல் விடக் கூடாது. இரவு நேரத்தில் எனக்கு வந்த அந்த அழைப்பே விதிமீறல் என்பதைப் பின்னர் அறிந்தேன். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, கடன்பட்டவரின் குடும்பத்தாரையும் பரிந்துரை கொடுத்தவர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. இதை எழுத்தில் குறிப்பிட்டுப் புகார் அனுப்பியதும் அழைப்புகள் நின்றன. கடன் நிற்கவில்லை. ஜமாஅத்தில் சிலர் சேர்ந்து வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்து அதை அடைத்தோம். அவர் இப்போது மாதம் ஆயிரமாகத் திருப்பித் தருகிறார்.

பள்ளிவாசலுக்கு மீண்டும் வருகிறார். முதல் நாள் வந்தபோது கடைசி ஸஃப்பில், தூண் மறைவில் நின்றார். தொழுகை முடிந்ததும் நான் எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் டேப்லெட்டைப் பற்றிப் பேசவில்லை.

நம் வீடுகளில் பரக்கத்தையும், கையில் இருப்பதில் போதுமென்ற மனத்தையும், கடனிலிருந்து விடுதலையையும் அல்லாஹ் நமக்கு நல்குவானாக! நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக ஆக்குவானாக! ஆமீன்.